பொல்யூஷன் போர்டு கணக்கை யார் பார்க்கிறார்கள்? நொய்யல் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் பட்டயக் கணக்காளராக இருக்கிறேன். சட்டப்படி அமைந்த வாரியங்கள் சிலவற்றின் தணிக்கைக் குழுவில் வேலை பார்த்த பழக்கம் உண்டு. அது தெரிந்ததால், சென்னிமலை, காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் கூட்டத்துக்குப் போனாலும், திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர்களோடு உட்கார்ந்தாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கைப் பற்றி ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஏனுங்க, பொல்யூஷன் போர்டுக்குன்னு தனியா கணக்கு இருக்குதுங்களா? அது கவர்மெண்ட் ஆபீஸ்தானுங்களே?

தனிக் கணக்கு இருக்கிறது. தாலுகா ஆபீஸ் மாதிரி அது அரசுத் துறையின் கிளை அல்ல. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தனி அமைப்பு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்டது. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில். நம் பக்கம் கோவை, திருப்பூர், ஈரோடு, பெருந்துறை, கரூர், நாமக்கல் என்று மாவட்ட அலுவலகங்கள் உண்டு.

தாலுகா ஆபீஸின் வரவும் செலவும் கருவூலத்தின் வழியாக அரசுக் கணக்கில் சேர்ந்துவிடும். வாரியத்துக்கோ சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொந்த நிதி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தனி வங்கிக் கணக்கு, தனி வரவு செலவுக் கணக்கு, தனி இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) எல்லாம் அதனால்தான்.

சரி, அந்த நிதிக்குப் பணம் எங்கிருந்துங்க வருது?

பெரும்பாலும் தொழில் நடத்துபவர்களிடமிருந்து. ஆலை அமைக்க ஒரு இசைவு, ஓட்ட ஒரு இசைவு, பிறகு புதுப்பித்தல். நாம் கன்சென்ட் என்று சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் இந்தக் கட்டணம் ஆலையின் மொத்த நிலையான சொத்து மதிப்பையும், மாசு அளவுப்படி பிரித்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்ற வகையையும் பொறுத்து மாறும். ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதிப்பதற்குக் கட்டணம், வைப்புத்தொகைக்கு வட்டி, அரசு மானியம் ஆகியவையும் வரும்.

முன்பு தண்ணீர் வரி என்று ஒன்று இருந்தது. 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியம் வசூலித்து மத்திய அரசுக்கு அனுப்ப, அதில் ஒரு பங்கு திரும்பி வரும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். பழைய அறிக்கைகளில் அந்த வரி நிலுவை என்று ஒரு பதிவைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

யாருங்க ஆடிட் பண்றது? சிஏஜி-யா, நம்ம ஊரு ஆடிட்டர் மாதிரி ஒருத்தரா?

இரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் வெவ்வேறு பங்கு. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்பவர், கம்பெனிகளைத் தணிக்கை செய்யத் தகுதியுள்ள பட்டயக் கணக்காளர் என்று நீர்ச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. அவரை நியமிப்பது மாநில அரசு. சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆலோசனைப்படி நியமிக்க வேண்டும்.

சிஏஜி அலுவலகம் அதற்கு மேல் தன் சொந்த அதிகாரத்தில் தனியாகவும் ஆய்வு செய்யலாம். அது வேறு மாதிரித் தணிக்கை. சாயத்தண்ணி பற்றிய கேள்வியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

காத்து மாசுச் சட்டத்துக்கு வேற ஆடிட்டருங்களா?

1981-ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டத்தில் 36-ஆம் பிரிவு கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் இருக்கிறது. அதே வாரியம்தான் அந்தச் சட்டத்தையும் நடத்துகிறது.

நான் ஆர்டிகல்ஷிப், அதாவது சிஏ பயிற்சி, பண்றேன் சார். 40-ஆம் பிரிவுல 1956 கம்பெனிச் சட்டம் 226-ன்னு இருக்கு. அந்தச் சட்டமே இப்போ இல்லையே?

நல்ல கவனம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பழையதை மாற்றிவிட்டது. ஆனால் ஒரு சட்டம் நீக்கப்பட்டு வேறொன்று அதே பொருளில் வந்தால், பழையதைச் சுட்டும் இடங்களைப் புதியதைச் சுட்டுவதாகவே படிக்க வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டம் 8-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே 226 என்ற இடத்தில் புதிய சட்டத்தின் 141 என்று படித்துக்கொள்ளுங்கள்.

போர்டு குடுக்கற ஃபீஸை வாங்கிக்கிட்டு, போர்டையே எப்படிங்க தப்பு சொல்லுவாங்க?

இந்தச் சந்தேகம் நியாயமானது. சட்டம் அதற்கு மூன்று தடுப்புகள் வைத்திருக்கிறது. வாரியம் தனக்குப் பிடித்த ஆளைத் தானே நியமித்துக்கொள்ள முடியாது. புத்தகம், வவுச்சர், கோப்பு எதைக் கேட்டாலும் வாரியம் கொடுக்க வேண்டும், எந்த அலுவலகத்துக்குள்ளும் தணிக்கையாளர் போகலாம். அறிக்கையை அவரே அரசுக்கு அனுப்ப வேண்டும், வாரியம் பார்த்துத் திருத்தி அனுப்புவது அல்ல.

இது போதுமா என்றால், என் கருத்தில் ஆளைப் பொறுத்தது. நம் பகுதியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கன்சென்ட் விண்ணப்பத்தோடு நிலையான சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று வைப்பார்கள். கோவையிலும் திருப்பூரிலும் அந்தச் சான்றைக் கொடுப்பவர்கள் எங்களைப் போன்ற பட்டயக் கணக்காளர்கள். நூறு சாயப்பட்டறைகளுக்குச் சான்று கொடுத்தவர் அதே வாரியத்தின் கட்டண வரவைத் தணிக்கை செய்தால், தான் எழுதியதைத் தானே சரிபார்க்க வேண்டி வரும். அந்த நிலையில் இருப்பவர் வேலையை ஏற்கக் கூடாது என்றே நினைக்கிறேன். சட்டம் நேராகத் தடுக்காத இடத்திலும் தொழில் தர்மம் தடுக்கிறது.

ஆடிட்டர் வந்து என்னதானுங்க பார்ப்பாரு? ரசீதை எண்ணுவாரா?

ரசீதும் பார்ப்பார். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: வர வேண்டிய பணம் எவ்வளவு, வந்தது எவ்வளவு? கையில் இருக்கும் ரசீதுகளை மட்டும் சரிபார்த்தால் போடாத ரசீது கண்ணில் படாது. அதனால் இசைவு பெற்ற ஆலைகளின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். பெருந்துறை அலுவலகப் பட்டியலில் இருந்து சில ஆலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வகை என்ன, சொத்து மதிப்பு என்ன, கட்டண அட்டவணைப்படி எவ்வளவு, வங்கியில் எந்தத் தேதியில் விழுந்தது என்று ஒரே கோட்டில் தொடர வேண்டும். ஆலை தன் இருப்புநிலைக் குறிப்பில் 9 கோடி ரூபாய் சொத்து காட்டிவிட்டு, விண்ணப்பத்தில் 4 கோடி என்று சான்று வைத்திருந்தால், வாரியத்துக்கு வர வேண்டிய கட்டணம் அங்கேயே குறைந்துவிடுகிறது. ரசீதும் வங்கியும் ஒத்துப்போகும், கணக்கும் கூட்டல் பிசகாமல் இருக்கும். ஆனாலும் வர வேண்டிய பணம் வரவில்லை.

அப்புறம் வங்கி. ரொக்க ஏட்டில் உள்ள இருப்பும் வங்கி சொல்லும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கும் சரிகட்டும் பட்டியலைக் கேட்க வேண்டும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு வாரிய அலுவலகத்தில் அந்தப் பட்டியலைப் பதினோரு மாதமாகப் போடவே இல்லை. இணையவழியில் விழுந்த தொகைகள் யார் கட்டியது என்று தெரியாமல் ஒரு தற்காலிகக் கணக்கில் குவிந்து கிடந்தன. யாரும் திருடவில்லை. ஆனால் கட்டியவருக்குக் கட்டவில்லை என்று நோட்டீஸ் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் கேட்கிறேன்.

வைப்புத்தொகைகளை வங்கியிடமே நேரில் எழுதிக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஆய்வகக் கருவிகள் ஏட்டில் உள்ளபடி அறையிலும் இருக்கின்றனவா, ஓடுகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ரசாயனங்களின் இருப்பு ஏடு, வண்டியின் ஓட்ட ஏடு, ஊழியர் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியது போதுமா என்ற கணிப்பு என்று வேலை நீளும்.

அஞ்சு வருசத்துக்குச் சேர்த்துக் கட்டிட்டேனுங்க. அது மொத்தமும் இந்த வருச வருமானமா?

இல்லை. உதாரணத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 ரூபாய் கட்டினீர்கள் என்றால், இந்த ஆண்டுக்கு 10,000 மட்டும் வருமானம். மீதி 40,000 முன்கூட்டிப் பெற்றது என்று பொறுப்புப் பக்கம் நிற்க வேண்டும். வாரியம் மொத்தத்தையும் வருமானமாக எழுதினால் இந்த ஆண்டு செழிப்பாகவும் அடுத்த நான்கு ஆண்டுகள் வறட்சியாகவும் தெரியும். கணக்குக் குறிப்புகளில் இதற்கு என்ன கொள்கை என்று ஒரு பத்தி இருக்க வேண்டும்.

பேங்க் கேரண்டி, அபராதம் இதெல்லாம் போர்டோட வருமானந்தானுங்களே?

பட்டறைக்காரர்கள் அதிகம் கோபப்படுவதும், விவசாயிகள் அதிகம் எதிர்பார்ப்பதும் இந்த இடத்தில்தான். பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பேங்க் கேரண்டி பணமே அல்ல. ஆலை நிபந்தனையை மீறினால் பணம் தருகிறேன் என்று வங்கி கொடுத்த வாக்குறுதி. வாரியம் அதைப் பிடித்தம் செய்யும் வரை வரவில் வரக் கூடாது. ஆனால் பதிவேட்டில் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும், காலாவதித் தேதியோடு. பிடித்தம் செய்ய வேண்டியிருந்த கேரண்டி காலாவதியாகிப் போனால் அது எந்தக் கணக்கிலும் நஷ்டமாகத் தெரியாது. தணிக்கையாளர் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

சுற்றுச்சூழல் இழப்பீடு வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதற்கு ஒரு வாய்பாடு கொடுத்திருக்கிறது. சிவப்பு வகைக்குக் குறியீடு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30. அதை விதிமீறிய நாட்களாலும், ரூபாய்க் காரணி என்ற ஒரு தொகையாலும், ஆலையின் அளவாலும், ஊரின் மக்கள்தொகைக் காரணியாலும் பெருக்க வேண்டும். ரூபாய்க் காரணி 250 என்று வைத்து, 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊரில் சிவப்பு வகைச் சிறு பட்டறை 100 நாள் விதி மீறினால், 80 × 100 × 250 × 0.5 (சிறு அளவுக்கு) × 1 (மக்கள்தொகைக்கு), அதாவது 10 லட்சம் ரூபாய். தணிக்கையாளர் இந்தப் பெருக்கலைச் சில கோப்புகளிலாவது தானே போட்டுப் பார்க்க வேண்டும். நாட்கள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்பட்டன என்பதில்தான் தொகை ஏறி இறங்கும்.

இந்தப் பணம் கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் சீராக்க வேண்டிய பணம். அதைக் கட்டண வருமானத்தோடு கலந்து சம்பளத்துக்கும் டீசலுக்கும் செலவழிப்பது தவறு. தனி நிதியாக, தனி வங்கிக் கணக்கில், வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எதற்கு என்று காட்ட வேண்டும்.

நொய்யல் பக்கம் இன்னொன்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் விவசாயிகளுக்கு நிர்ணயித்த இழப்பீடு வாரியத்தின் வருமானம் அல்ல.

கேஸ் போட்டு நிறுத்தி வெச்சிருக்கறோம். அந்தத் தொகையை எப்படிங்க எழுதுவாங்க?

வசூலாகுமா என்பதே நிச்சயமில்லாத வருமானத்தை எழுதாமல் தள்ளிவைக்க வேண்டும் என்று கணக்கியல் நியமம் 9 சொல்கிறது. ஆகவே வழக்கில் உள்ள தொகை குறிப்புகளில் வரலாம், வருமானத்தில் வரக் கூடாது. நீங்கள் வழக்கு நடக்கும்போதே ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், வாரியம் தோற்றால் அதைத் திருப்பித் தர வேண்டிவரும் என்பதையும் குறிப்பில் சொல்ல வேண்டும்.

இப்போது இது முக்கியமாகியிருக்கிறது. நீர்ச் சட்டம் 33-ஏ, காற்றுச் சட்டம் 31-ஏ பிரிவுகளின்படி வாரியங்கள் இழப்பீடு விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, அதற்கான முறையை விதிகளாக வகுத்த பிறகே செய்ய வேண்டும் என்றும் சொன்னது. பழைய உத்தரவுகளின் மேல் எழுதிய நிலுவைகளை அந்தக் கண்ணோடு மறுபடி பார்க்காத தணிக்கை அரைகுறை.

ஆத்துல சாயத்தண்ணி வருது. கணக்கு மட்டும் சரின்னு ரிப்போர்ட் வருது. அப்போ ஆடிட்டே பொய்யுங்களா?

நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்டது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானதைப் பார்த்தவர் அவர். 2011 ஜனவரி 28 அன்று, கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டும் வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது. அவரிடம் "கணக்கு சரி" என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டுக் கணக்குத் தணிக்கை சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கணக்கு வாரியத்தின் பண நிலையை உண்மையாகக் காட்டுகிறதா? தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, அந்த ஆலைக்கு ஏன் இசைவு கொடுத்தார்கள், ஆய்வுக்கு ஏன் போகவில்லை என்பதெல்லாம் செயல்பாட்டுத் தணிக்கை. அதைச் செய்யும் அதிகாரம் சிஏஜி-க்கு உண்டு. அந்த அறிக்கைகள் சட்டப்பேரவைக்குப் போகும், பிறகு சிஏஜி இணையதளத்தில் கிடைக்கும்.

ஆனால் பணக் கணக்கிலும் ஆற்றின் நிலை தெரியும், படிக்கத் தெரிந்தால். ஆய்வகச் செலவு ஆண்டுக்கு ஆண்டு அப்படியே நிற்க, வைப்புத்தொகை மட்டும் வளர்கிறதா? இழப்பீட்டு நிதியில் தொகை சேர்ந்துகொண்டே போய், செலவுப் பக்கம் காலியாக இருக்கிறதா? பட்ஜெட்டில் கண்காணிப்புக்கு ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லையா? அப்படியானால் வாரியத்திடம் பணம் இல்லாததால் வேலை நடக்கவில்லை என்ற வாதம் நிற்காது. கையொப்பமிட்ட கணக்கே அதற்குச் சாட்சி. இதற்காகத்தான் விவசாயிகள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லஞ்சம் வாங்கறதை ஆடிட்ல கண்டுபிடிச்சிருவாங்களா?

நேராக முடியாது. கையில் வாங்கும் காசுக்கு வவுச்சர் இல்லை. விண்ணப்பங்கள் காரணமில்லாமல் தேங்குவது, ஒரே மாதிரி ஆலைகளுக்கு வேறு வேறு வகை கொடுப்பது போன்ற தடயங்களைத் தணிக்கையாளர் பார்த்தால் எழுத வேண்டும். லஞ்சம் கேட்டார்கள் என்றால் போக வேண்டிய இடம் லஞ்ச ஒழிப்புத் துறை.

ரிப்போர்ட்ல "குவாலிஃபைடு ஒப்பீனியன்"னு போட்டிருக்குது. தகுதியான கணக்குன்னு அர்த்தமுங்களா?

நேர்மாறு. குறை சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். குறை ஏதும் சொல்லாத கருத்துதான் நல்லது. "இந்த விஷயம் நீங்கலாக" என்று வந்தால் குறிப்பிட்ட இடத்தில் தவறு இருக்கிறது. எதிர்மறைக் கருத்து என்றால் கணக்கு மொத்தமாகவே உண்மையைக் காட்டவில்லை. கருத்துச் சொல்ல இயலவில்லை என்றால் பார்க்க வேண்டிய ஆவணமே கிடைக்கவில்லை. அடிப்படை என்று தலைப்பிட்ட பத்தியில் காரணமும், முடிந்த இடத்தில் தொகையும் இருக்கும்.

இந்த ரிப்போர்ட் எப்போ வரும், எங்க கிடைக்கும்?

இங்கே சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாரியத்தின் செயல்பாட்டு ஆண்டறிக்கைக்கு நீர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு கெடு வைத்திருக்கிறது: நிதியாண்டு முடிந்து நான்கு மாதத்தில், அதாவது ஜூலை 31-க்குள் அரசுக்கு, ஒன்பது மாதத்தில், டிசம்பர் 31-க்குள் சட்டப்பேரவைக்கு. தணிக்கை அறிக்கைக்கோ 40-ஆம் பிரிவில், கிடைத்த பின் கூடிய விரைவில் பேரவையில் வைக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. மாதக் கணக்கு இல்லை. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே கெடு வைக்க வேண்டும். செய்த வேலையின் பட்டியல் ஒரு வருஷம், அதற்கான பணக் கணக்கு இன்னொரு வருஷம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

ஆர்டிஐ போட்டேனுங்க. "இன்னும் சட்டசபையில வைக்கலை, தர முடியாது"ன்னுட்டாங்க. இது சரிங்களா?

தகவல் உரிமைச் சட்டம் 8(1)(சி) பிரிவை வைத்துச் சொல்கிறார்கள். சட்டமன்ற உரிமையை மீறும் தகவலுக்கு அது விலக்குத் தருகிறது. அறிக்கையின் நகலைப் பொறுத்தவரை அந்தப் பதிலோடு மல்லுக்கட்டி நாளைக் கடத்த வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள்.

வாரியம் கணக்கைத் தணிக்கையாளரிடம் கொடுத்த தேதி என்ன? அறிக்கை அரசுக்குக் கிடைத்த தேதி என்ன? இன்னும் பேரவையில் வைக்காததற்குக் கோப்பில் பதிந்த காரணம் என்ன? கேரண்டிப் பதிவேட்டின் நகல், இழப்பீட்டு நிதியின் வரவு செலவு. இவை தணிக்கை அறிக்கையின் பகுதி அல்ல, அன்றாட ஆவணங்கள். இதற்கு அந்த விலக்கு பொருந்தாது என்பது என் வாசிப்பு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நகல் கேட்டு நூறு பக்கத்துக்குக் காசு கட்டுவதற்குப் பதிலாக, நேரில் பார்வையிட அனுமதி என்றும் கேட்கலாம்.

எங்க ஊரு ஆபீஸ் கணக்கை மட்டும் தனியாப் பார்க்க முடியுமுங்களா?

தணிக்கை அறிக்கை மொத்த வாரியத்துக்கும் ஒன்றுதான், மாவட்டவாரியாக வராது. ஆனால் கட்டண வசூல், மாதிரி எடுத்த எண்ணிக்கை, கேரண்டிப் பதிவேடு எல்லாம் மாவட்ட அலுவலக அளவிலும் இருக்கும். மேலே சொன்ன முறையிலேயே அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்.

நாங்க விவசாயிங்க. முப்பது நாப்பது பக்கம் குடுத்தா, எதை முதல்ல படிக்கோணும்?

இருப்புநிலைக் குறிப்பை முதலில் திறக்காதீர்கள். தணிக்கையாளரின் கருத்தையும் அதன் அடிப்படைப் பத்தியையும் படியுங்கள். அடுத்து பின்னாலிருந்து கணக்குக் குறிப்புகள். அதில் மூன்று இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்: இழப்பீட்டு நிதி, வழக்கில் உள்ள தொகைகள், முன்கூட்டிப் பெற்ற கட்டணம். பிறகு அதே மூன்று இடங்களின் போன வருஷத் தொகை பக்கத்துப் பத்தியிலேயே இருக்கும், இரண்டையும் கழித்துப் பாருங்கள். அந்த மூன்று கழித்தலோடு வந்தால் போதும், மீதியை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.